ஒரு மாதத்து அழுக்கு: 1/35 அளவு டைப் 97 டாங்கியைக் கட்டி, அளவாகப் பழசாக்கும் வழி

என் அக்கா மகன் முதன்முதலில் கட்டி முடித்த பிளாஸ்டிக் மாடல் டாங்கியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். பிரித்துப் பார்த்தால், வண்டிக்கு என்ன நிறம் அடித்திருக்கிறான் என்றே தெரியவில்லை. மேலெல்லாம் துரு. சக்கரம் முங்கும் அளவுக்குச் சேறு. பெயின்ட் உரிந்த வடுக்கள் அம்மைத் தழும்பு மாதிரி உடம்பு முழுக்க.

“எப்படி இருக்கு மாமா?”

“நல்லாத்தான் இருக்கு. எந்தக் கடல்லேருந்து தூக்கினே?”

முகம் சுருங்கிவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வெதரிங் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பழசாக்கும் வேலையில் கை வைத்த எல்லோரும் முதல் வண்டியை இப்படித்தான் நாசம் செய்கிறோம். துரு நிற பாட்டிலை வாங்கிவிட்டோம், அடித்துத் தீர்க்க வேண்டாமா? அன்று அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த வண்டி எத்தனை நாள் ஓடியது, எந்த மண்ணில் ஓடியது? பதில் இல்லை. பதில் தெரியாமல் பிரஷைத் தொடாதே என்றேன். இருவரும் சேர்ந்து அடுத்த வண்டியைத் தொடங்கினோம். அந்த வண்டியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்ந்தெடுத்தது ஜப்பானின் டைப் 97 சி-ஹா. மாடல் நிறுவனமான தமியாவின் 1/35 கிட். மலேசியாவில் இருந்துகொண்டு ஜெர்மன் டைகரையே கட்டிக்கொண்டிருப்பானேன்? நம் வீட்டு வாசல் வழியாகப் போன வண்டி இது. 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. டிசம்பர் 19-ல் பினாங்கு அவர்கள் கையில். 1942 ஜனவரி 7, விடியும் முன், சுமார் 30 டாங்கிகள் பேராக்கின் சிலிம் ரிவர் பக்கம் பெரிய சாலை வழியாகவே நேராக உள்ளே புகுந்து, பிரிட்டிஷாரின் 11-வது இந்திய டிவிஷனைச் சிதறடித்துவிட்டன. நான்கே நாளில் கோலாலம்பூரும் போனது. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஆனால் எங்கள் பாட்டி கடைசிவரை ‘ஜப்பான்காரன் சைக்கிள்ல வந்தான்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் உண்மைதான், சைக்கிளிலும் வந்தார்கள்.

கணக்குப் போடுங்கள். போர் தொடங்கி 30 நாள். ஓடியது பெரும்பாலும் தார்ச்சாலை, இடையிடையே ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதை. மழைக்காலம். ஆக, இந்த வண்டியில் இருக்க வேண்டியது ஒரு மாதத்து அழுக்கு. இரும்பை அரித்துத் தின்னும் துருவுக்கு இங்கே நேரமே இல்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

நிஜ வண்டி ஐந்தரை மீட்டர் நீளம், 15 டன் எடை, நான்கு பேர் உட்காரும் இடம். 1/35-ல் அது 16 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேசையில் ஒரு கைக்குட்டை அளவு இடம் போதும்.

பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டியது, பாகங்களோடு இருக்கும் ஸ்புரூ சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவைப்பது. அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. சட்டத்திலிருந்து பாகத்தை இரண்டு வெட்டாக எடுங்கள். முதல் வெட்டு பாகத்துக்குச் சற்றுத் தள்ளி. இரண்டாவது வெட்டு பாகத்தை ஒட்டி, நிப்பரின் (வெட்டும் குறடு) தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்தபடி. மிச்சம் இருக்கும் மேட்டைக் கத்தியால் சீவி, 400, 600, 800 என்று உப்புத்தாளில் தேய்த்தால் வெட்டிய இடமே தெரியாது. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும், அப்புறம் புட்டி வைத்து அழ வேண்டியதுதான்.

பசை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது. அதனால் விரல் நனையும் இடத்தில் பிடித்திருந்தால் உங்கள் ரேகை டாங்கியில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். சூப்பர் குளூவை உலோகத்துக்கும் வினைலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது பக்கத்தில் வெள்ளையாகப் பூத்துப்போகும்.

டைப் 97-ல் கவனம் தேவைப்படும் இடங்கள் மூன்று. பீரங்கி உட்கார்ந்து சுழலும் டரட்டின் தலையைச் சுற்றி லாட வடிவில் ஓர் ஆன்டெனாக் கம்பி ஓடும். இந்த வண்டியின் அழகே அதுதான். அதைக் கடைசியில் ஒட்டுங்கள். முதலில் ஒட்டினால் நிச்சயம் முழங்கை பட்டு உடையும், எனக்கு இரண்டு முறை உடைந்தது. அடுத்தது 57 மில்லிமீட்டர் பீரங்கிக் குழல். குட்டையானது, ஆனால் வாய் மூடியிருந்தால் பொம்மைத்தனமாகத் தெரியும். கைத்துளைப்பானில் ஒரு மில்லிமீட்டர் ஊசி போட்டு நடுவில் தொடங்கி, மெல்லப் பெரிதாக்குங்கள். மூன்றாவது, பின்பக்க இறக்கைகள் (சங்கிலிப் பட்டைக்கு மேல் இருக்கும் மட்கார்டுகள்) மேல் வலைக்கூண்டுக்குள் படுத்திருக்கும் இரண்டு சைலன்சர்கள். இவற்றைத் தனியாகவே வைத்திருங்கள், பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

பக்கத்துக்கு ஆறு சக்கரம். சக்கரங்களையும் சங்கிலிப் பட்டையையும் பெயின்ட் அடிக்கும்வரை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். பழைய கிட்டுகளில் பட்டை ரப்பர் போன்ற வினைலில் வரும். அதன் நுனிக் குமிழ்களைத் துளையில் நுழைத்து, சூடாக்கிய பழைய ஸ்க்ரூடிரைவர் முனையால் அமுக்கி உருக்க வேண்டும். சூடு அதிகமானால் பட்டை அறுந்துவிடும். ஸ்புரூவிலேயே இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.

கொடிமலையைப் பார்த்து பெயின்ட் அடிப்பது

பினாங்கில் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான எதிரி வானம்தான். நான் இருப்பது ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. பால்கனியில் நின்று பார்த்தால் கொடிமலை தெரியும். மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டால் ஸ்பிரேயை எடுப்பதில்லை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

காரணம் இதுதான். லாக்கர் பெயின்ட்டில் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு, வெள்ளைப் புகை போலத் தெரியும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷில் இது இன்னும் மோசம். ஒருமுறை மாலை மழை நின்ற கையோடு, மூன்று வாரம் உழைத்த வண்டிக்குக் கடைசி மேட் கோட் அடித்தேன். பத்து நிமிடத்தில் வண்டி விபூதி பூசிக்கொண்டு நின்றது. உங்களுக்கும் அப்படி ஆனால் சுரண்ட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, வறண்ட நாளில் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு கோட் அடித்துப் பாருங்கள். பல நேரம் வெள்ளை மறைந்துவிடும். அதன் மேல் மறுபடி மேட்.

காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மதியத்துக்கு மேல் இறங்கும். அப்புறம் சாயங்கால மழை. ஆகவே ஸ்பிரேக்கு எனக்குத் தோதான நேரம் மதியம் 12-லிருந்து 3 வரை. 15 ரிங்கிட்டுக்குக் குறைவாகவே கிடைக்கும் ஒரு சின்ன ஈரப்பதமானியை மேசையில் வையுங்கள். என்னுடையது 70-ஐத் தாண்டிக் காட்டினால் அன்று உப்புத்தாள் வேலை மட்டும். குளிர்சாதனம் ஓடும் அறையில் காயவைப்பதும் உதவும். ஆனால் அதே அறையில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஜன்னல் திறந்த இடம், கரிவடிகட்டி வைத்த முகமூடி இரண்டும் கட்டாயம். சாதாரணத் துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது.

முதல் கோட் சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. டப்பாவை 20-25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, வண்டிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசுங்கள். பிரைமர் காய்ந்ததும் இடுக்குகளும் கீறல்களும் பல்லை இளிக்கும். அவற்றைப் புட்டி வைத்துத் தேய்த்து, மறுபடி பிரைமர்.

நிறத்துக்கு வருவோம். 1942 வரை ஜப்பானிய டாங்கிகளில் அடித்த உருமறைப்பு இப்படி இருந்தது: மண் காக்கி அடி, அதன்மேல் கரும்பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக, எல்லாவற்றுக்கும் மேலே வண்டியை நீளவாக்கிலும் குறுக்கிலும் வெட்டிப் போகும் மஞ்சள் பட்டைகள். திட்டுகளின் விளிம்பு தெளிவானது, காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் போல மங்கலாகக் கலக்காது. இதனால் ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்குத்தான் கொண்டாட்டம். அடிநிறத்தை மட்டும் டப்பாவில் அடித்துவிட்டு, மற்றதைப் பிரஷாலேயே வரையலாம்.

நான் போட்டது தமியா அக்ரிலிக்: அடிக்கு எக்ஸ்எஃப்-49 காக்கி, பழுப்புக்கு எக்ஸ்எஃப்-64, பச்சைக்கு எக்ஸ்எஃப்-58, மஞ்சளுக்கு எக்ஸ்எஃப்-3. ஏர்பிரஷ் என்றால் பெயின்ட்டும் தின்னரும் சமபங்கு, கொஞ்சம் தின்னர் கூடினாலும் குறையில்லை. அழுத்தம் 15 பிஎஸ்ஐ அளவில். பிரஷில் தமியா அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்து இழுபடும், ஆகவே காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் இரண்டு சொட்டு சேருங்கள், அல்லது திட்டுகளுக்கு மட்டும் வயேகோ மாதிரி பிரஷுக்கு ஏற்ற அக்ரிலிக் வாங்குங்கள். திட்டுகளின் எல்லையை முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது நல்லது. கோடு டரட்டிலிருந்து உடம்புக்கு இறங்கும்போது தொடர வேண்டும்.

மஞ்சள்தான் தொல்லை பிடித்தது. எதன் மேல் அடித்தாலும் அடியிலிருப்பது தெரியும். பட்டை வரும் இடத்தில் முதலில் வெளிர் மணல் நிறத்தில் கோடு இழுத்து, காய்ந்ததும் மேலே மஞ்சள் இரண்டு கோட். பாட்டிலில் இருக்கும் மஞ்சளை அப்படியே பூசினால் டாக்சி மாதிரி இருக்கும் என்று கொஞ்சம் பஃப் என்னும் வெளிர் மணல் நிறம் கலந்துகொண்டேன். பட்டை அகலம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். கை நடுங்கி அங்கங்கே கோணினால் திருத்தாதீர்கள். 

பிறகு பளபளப்பு கோட், அதன்மேல் டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்). பளபளப்பு எதற்கு என்றால், சொரசொரப்பான மேட் பரப்பில் டீக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். டீக்கால் ஒட்டியதும் இளக்கும் திரவத்தைத் தடவினால் ரிவெட்டுகள் மேல் படிந்து உட்காரும். ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

பழசாக்குவது

முதலில் ஒரு விதி. அடியில் அக்ரிலிக் அல்லது லாக்கர், மேலே எனாமல் அல்லது எண்ணெய்ச் சாயம். எனாமல் தின்னர் நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது, அதனால் தவறினால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். இது தெரிந்ததும் எனக்கு பாதி பயம் போய்விட்டது. ஆனால் அதே தின்னர் பெயின்ட் படாத பிளாஸ்டிக் மூட்டுகளில் குளம் கட்டி நின்றால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஆகவே குறைவாக.

டைப் 97 முழுக்க ரிவெட். கரும்பழுப்பு எனாமல் வாஷை (நீர்க்கக் கரைத்த பெயின்ட்டை) மெல்லிய பிரஷ் நுனியில் எடுத்து, ஒவ்வொரு ரிவெட்டின் காலடியிலும் தகடுகள் சேரும் கோட்டிலும் மட்டும் தொடுங்கள். வண்டி முழுக்கக் கழுவி ஊற்ற வேண்டாம், அப்படிச் செய்தால் மஞ்சள் பட்டை அழுக்குத் துணி நிறத்துக்குப் போய்விடும். அரை மணி கழித்து, தின்னரில் நனைத்து ஏறக்குறைய உலர்த்திய பிரஷால் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். செங்குத்தான பக்கங்களில் மழை வழிந்த மாதிரி மங்கலான கோடு கிடைக்கும். பக்கத்துக்கு ஐந்தாறு கோடு போதும்.

உரிந்த பெயின்ட்டுக்கு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் நகக்கண் அளவு பிய்த்து இடுக்கியில் பிடித்து, கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு வண்டியில். எங்கே? மனிதன் தொடும் இடத்தில். கமாண்டர் ஏறி இறங்கும் மூடியின் விளிம்பு, கால் வைக்கும் இறக்கை ஓரம், கருவிப் பெட்டி மூலை. அக்கா மகன் ஸ்பாஞ்சைப் பக்கவாட்டுத் தகட்டுக்குக் கொண்டுபோனான்.

“அங்கே யாருடா கால் வைப்பா?”

“யாரும் இல்ல.”

“அப்போ எப்படி உரியும்?”

ஸ்பாஞ்சைக் கீழே வைத்தான்.

துரு என்றால் இந்த வண்டியில் ஒரே இடம், சைலன்சர். நாள் முழுக்கக் காய்ந்து, மழையில் நனைந்து, மறுபடி காயும் இரும்பு அது. ஒரு மாதம்கூட வேண்டாம், ஒரு வாரத்தில் நிறம் மாறிவிடும். தனியாக வைத்திருந்த சைலன்சர்களை எடுங்கள். கரும்பழுப்பு அடி. அது ஈரமாக இருக்கும்போதே செங்கல் நிறத்தையும் ஆரஞ்சுப் பழுப்பையும் பிரஷ் நுனியால் குத்திக் குத்தி வையுங்கள், தடவாதீர்கள். துருவுக்கு ஒரே நிறம் கிடையாது, பட்டர்வொர்த்தில் நிற்கும் ஏதாவது ஒரு பழைய லாரியின் புகைக்குழாயை அருகில் போய்ப் பார்த்தால் தெரியும். காய்ந்ததும் குழாய் வாயில் கறுப்பு பிக்மென்ட் தூள் ஒரு தொடுகை. டீசல் இன்ஜின், புகைக்கரி படிந்திருக்கும். வலைக்கூண்டு பெரும்பாலும் வண்டியின் நிறத்திலேயே இருக்கட்டும், அடியில் மட்டும் துரு எட்டிப் பார்த்தால் போதும்.

சங்கிலிப் பட்டைக்கும் ஆரஞ்சுத் துரு வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பட்டை தேய்ந்து மின்னும். கரும்பழுப்பு அடித்து, செம்மண் வாஷ் ஓடவிட்டு, தரையில் படும் மேடுகளை மட்டும் 6பி பென்சிலால் உரசுங்கள். இரும்பு மின்னுவது அப்படியே வரும். வினைல் பட்டையை அதிகம் வளைக்காமல் மாட்டுங்கள், பெயின்ட் உதிரும்.

இனி மண். கடையில் விற்கும் பிக்மென்ட்களில் ஐரோப்பாவின் சாம்பல் மண்ணும் பாலைவன மணலும்தான் அதிகம். நம் செம்மண்ணின் அந்த ஆரஞ்சு கலந்த சிவப்பு அவற்றில் வராது. ஆகவே தோட்டத்துப் பக்கம் போனபோது ஒரு பிடி நிஜ மண்ணையே அள்ளி வந்தேன். 35-ல் ஒரு பங்கு வண்டிக்கு ஒரு மணல் பருக்கையும் கூழாங்கல்தான். டீ வடிகட்டியில் ஒருமுறை, பிறகு மெல்லிய மல் துணியில் ஒருமுறை சலித்து, கீழே விழும் மாவு போன்ற தூளை மட்டும் எடுக்க வேண்டும். அதன்பின் ஓவனில் வைத்துச் சுட வேண்டும், 120 டிகிரியில் அரை மணி நேரம். மனைவி, “மண்ணைச் சுட்டு என்ன, சாப்பிடவா போறீங்க?” என்றாள். பழைய அலுமினியத் தட்டில் வைத்து எடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், வீட்டில் சமாதானம் முக்கியம். சுடாமல் விட்டதற்கு நான் வாங்கிய தண்டனை: மழைக்காலத்தில் ஒரு வண்டியின் மட்கார்டில் வெள்ளைப் பூஞ்சை நூல்நூலாக முளைத்து நின்றது. தொட்டால் புசுபுசுவென்று இருந்தது.

சுட்ட தூளைத் தார்ச்சாலைத் தூசிக்காகக் கொஞ்சம் பஃப் நிற பிக்மென்ட்டோடு கலந்து, எனாமல் தின்னரில் நீர்க்கக் குழைத்து, சக்கரங்களிலும் உடம்பின் கீழ்ப்பகுதியிலும் பூசுங்கள். காய்ந்ததும் உலர்ந்த பிரஷால் மேடுகளிலிருந்து தட்டிவிட்டால் இடுக்குகளில் மட்டும் தங்கும். பட்டை தெறிக்கும் இடமான பின் இறக்கையின் உட்புறத்தில் கொஞ்சம் கெட்டியாக வைக்கலாம். பிரஷை ஒரு குச்சியில் தட்டி இரண்டு மூன்று பொட்டுகள் தெறிக்கவிடலாம். இறக்கை மட்டத்துக்கு மேலே செம்மண் ஏறவே கூடாது. மேல்தட்டில் வெறும் தூசி, அதுவும் மழை கழுவியது போக மூலையில் தங்கியது. டரட்டைத் தொடாதீர்கள்.

இங்கேதான் கை நிற்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனது அரிக்கும். நாங்கள் வண்டியை அலமாரியில் வைத்துவிட்டு, மூன்று நாள் பார்க்காமல் இருந்தோம். நான்காம் நாள் எடுத்தபோது, மாமா, வலது பக்கம் அதிகமாப் போச்சு என்று அவனே சொன்னான். தின்னர் தொட்ட பஞ்சுக்குச்சியால் பாதியைத் துடைத்துவிட்டோம். மஞ்சள் பட்டை மறுபடி வெளியே வந்தது.

மேட் கோட்டை பிக்மென்ட்டுக்கு முன்பே அடித்து முடித்துவிடுங்கள். தூளின் மேல் வார்னிஷ் பட்டால் நிறம் இருண்டு பாதி காணாமல் போகும். கடைசியில் சைலன்சர்களை அதன் இடத்தில் ஒட்டி, லாட ஆன்டெனாவையும் பொருத்தி, மூச்சை இழுத்துவிட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர்க் காற்றில் திறந்த அலமாரி வேண்டாம். அக்ரிலிக் கண்ணாடிப் பெட்டி வாங்கி, அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று ஒளித்து வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும். எங்கள் டைப் 97 இப்போது அக்கா வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே அவனுடைய பழைய துருப்பிடித்த டாங்கியும் நிற்கிறது. எடுக்க மாட்டேன் என்கிறான்.